வெள்ளவத்தைப் புகைமூட்டம்: வாகனமா, எல்லை தாண்டிய காற்றா?
கொழும்பு வெள்ளவத்தையில் நிற்கும் புகைமூட்டத்துக்கு வாகனங்கள் காரணமா, எல்லை தாண்டி வரும் காற்றா என்றும், மகளுக்கு இழுப்பு (மூச்சிரைப்பு) இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வாகனங்கள் ஓடாத ஞாயிறு முழுவதும் புகைமூட்டம் கலையவில்லை என்று நீங்கள் சொல்வதால், அதில் பெரும்பங்கு வெளியிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். மார்கழி, தை மாதங்களில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று வட இந்தியச் சமவெளியின் ஆலைப்புகை, விறகுப்புகை, வாகனப்புகை ஆகியவற்றின் நுண்துகள்களை வங்காள விரிகுடா வழியாக இங்கு கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில், மாண்டஸ் புயலை ஒட்டி, இவ்வாறே காற்று கெட்டுப் பாடசாலைகளும் மூடப்பட்டன.

உறுதிப்படுத்த, பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ விட்டமுள்ள நுண்துகள்கள்) அளவை யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஒரே நேரத்தில் பாருங்கள். இரண்டும் சேர்ந்து உயர்ந்து, இரவிலும் இறங்காவிட்டால் அது எல்லை தாண்டியது. கொழும்பில் மட்டும், அதுவும் காலை, மாலை நெரிசல் வேளையில் ஏறினால் வெள்ளவத்தை வழியே செல்லும் காலி வீதியின் (Galle Road) வாகனங்களே காரணம். பல நாட்களில் இரண்டும் கலந்தே இருக்கும்.

காற்றின் துகள்களை அளக்கும் மலிவான கருவிகள் ஈரப்பதம் மிகுந்தால் அளவைக் கூட்டிக் காட்டும். ஆயினும் 24 மணி நேரச் சராசரி, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமை வெகுவாகத் தாண்டும் நாளில் மகளை வெளியே விளையாட விடாதீர்கள். துணி முகக்கவசம் இத்துகள்களைப் போதியளவு தடுக்காது. காரணம் எதுவானாலும், இழுப்புக்கு மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.