சோற்றைக் குறைத்தால் வயிறு நிறையவில்லையா?

வணக்கம் அண்ணா. சர்க்கரைக்காக மதியச் சோற்றைக் குறைத்ததும் வயிறு நிறையவில்லை, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருந்துகொண்டு மீன் குழம்பே வெறுத்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். குழம்பின்மேல் குற்றமில்லை; சோறு விட்ட இடத்தை வேறொன்று நிரப்ப வேண்டும்.

சுறாப்புட்டு செய்யச் சொல்லுங்கள். பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, தண்ணீர் போக ஒட்டப் பிழிய வேண்டும். சூட்சுமம் அதில்தான், ஈரம் நின்றால் களியாகிவிடும். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், கறிவேப்பிலையைத் தாராளமாக வதக்கி, உதிரியாகும்வரை கிளறுங்கள். பெயரில்தான் புட்டு, அரிசி மாவு துளியும் கிடையாது. அதையும் முருங்கைக்கீரைப் பொரியலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளுங்கள். சர்க்கரை ஏறும் வேகம் குறையும்.

கருப்பட்டிக் காபி குடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரே நல்லது என்று சொல்லும், நம்பாதீர்கள். அதுவும் சர்க்கரைதான், பதநீரும் அப்படியே. கருவாடு ஆசைக்கு ஒரு துண்டு. இரத்த அழுத்தம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லையே? கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ என்றால், சோற்றை இன்னும் குறைக்குமுன் மருத்துவரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம்.