கருத்துக்களம் அமைக்க எந்த மென்பொருள்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் மாடித்தோட்ட நண்பர்கள் குழுவில் ஏறத்தாழ 400 பேர் இருக்கிறோம். ஆறு ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில்தான் பேசிவருகிறோம். மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது என்று எத்தனையோ முறை பதில் எழுதிவிட்டோம். ஆனால் பழைய பதிலை எவராலும் தேடி எடுக்க முடிவதில்லை. ஆகவே இணையத்தில் சொந்தமாக ஒரு கருத்துக்களம் தொடங்க முடிவு செய்துள்ளோம். பிஎச்பிபிபி, டிஸ்கோர்ஸ், ஃப்ளாரம் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். எது எங்களுக்குப் பொருந்தும்? குழுவில் கணினித் துறையினர் எவரும் இல்லை.
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்ன செய்திதான் விடையைத் தீர்மானிக்கிறது. கணினி அறிந்தவர் எவரும் இல்லாத குழுவுக்கு நான் பிஎச்பிபிபியையே பரிந்துரைப்பேன்.

டிஸ்கோர்ஸ் தரத்தில் குறைந்ததன்று. நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜெஃப் அட்வுட், ராபின் வார்டு, சாம் சாஃப்ரன் ஆகியோருடன் சேர்ந்து 2013இல் அறிமுகப்படுத்திய அந்த மென்பொருள், கைப்பேசியில் படிப்பதற்கும், வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதி அதைக் களத்தில் பதிவாக்குவதற்கும் மிகவும் வசதியானது. புதிதாக வந்தவருக்குக் குறைந்த உரிமையும், தொடர்ந்து படித்து எழுதுபவருக்குப் படிப்படியாகக் கூடுதல் உரிமையும் தானாகவே வழங்கும் அதன் நம்பிக்கை நிலைகளை, பதிவுகளைக் கண்காணிக்கும் மட்டுறுத்துநரின் வேலையைப் பாதியாகக் குறைக்கும் நல்ல ஏற்பாடாகவே கருதுகிறேன். ஆனால் அதைக் பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும், குறைந்த கட்டணத்தில் கிடைக்கும் பகிர்வு ஹோஸ்டிங்கில் நிறுவ முடியாது. தனி சர்வர் வேண்டும்; குறைந்தது 1 ஜிபி ரேம் வேண்டும், நிம்மதியாக ஓட 2 ஜிபி இருப்பது நல்லது; மென்பொருளை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் டாக்கர் என்னும் கருவி வழியாக நிறுவ வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, மின்னஞ்சல் அனுப்பும் சேவை ஒன்றைச் சரியாக இணைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில்தான் பலரும் இடறுகிறார்கள். உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் போய்ச் சேராவிட்டால், ஆர்வத்தோடு பதிவு செய்த உறுப்பினர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

பிஎச்பிபிபி 2000ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவருவது, கட்டணம் இல்லை, பிஎச்பி நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் உள்ள சாதாரண ஹோஸ்டிங்கில் ஓடும். தோற்றம் பழையது என்று சொல்வார்கள், அது உண்மைதான். ஆயினும் 2014இல் வந்த 3.1 பதிப்பிலிருந்தே கைப்பேசித் திரைக்கேற்ப அது தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. தானியங்கிகள் பொய்க்கணக்குத் தொடங்குவதைத் தடுக்க, பதிவுப் படிவத்தில் நாமே ஒரு கேள்வி வைக்கும் வசதி அதில் உண்டு. சாம்பாருக்கு வாசம் தரும் இலை எது என்று தமிழில் கேட்டு, தமிழிலேயே விடை எழுதச் சொல்லுங்கள். உங்கள் உறுப்பினர் அனைவரும் ஒரு நொடியில் எழுதிவிடுவார்கள், பெரும்பாலான தானியங்கிகள் திரும்பிப் போய்விடும்.

ஃப்ளாரம் மெலிதானது, பார்க்க அழகானது. அதன் 1.0 பதிப்பு 2021இல்தான் வந்தது. அடிப்படைக்கு மேற்பட்ட வசதிகள் பலவற்றை நீட்சிகளாக, அதாவது பிறர் எழுதிய கூடுதல் நிரல்களாக, சேர்க்க வேண்டியிருப்பதாலும், பெரிய பதிப்பு மாறும்போது ஒவ்வொரு நீட்சியை எழுதியவரும் அதைப் புதுப்பிக்கும் வரை நாம் காத்திருக்க நேர்வதாலும், கவனிக்க ஆள் இல்லாத குழுவுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

இனி, உங்கள் உண்மையான தேவையான தேடலுக்கு வருகிறேன். ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத் தளங்களை மனத்தில் வைத்து எழுதப்படுவதால், தமிழுக்கே உரிய இந்தச் சிக்கலை அவை தொடுவதில்லை. ஒருவர் ‘உரம்’ என்று தேடுகிறார்; பழைய பதிவிலோ ‘உரத்தை’, ‘உரத்தில்’, ‘உரத்துக்கு’ என்றுதான் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருளுக்கு இவை நான்கும் வெவ்வேறு சொற்கள். உரம் பற்றிய மிகச் சிறந்த பதில்கூட அகப்படாமல் போகலாம். டிஸ்கோர்ஸ் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், 2019இல் வெளிவந்த 12ஆம் பதிப்பு முதல், தமிழ்ச் சொல்லின் விகுதியைக் களைந்து அடிச்சொல்லைக் காணும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் தரவுத்தளத்தில் ஒரு வசதி இருப்பது வேறு, அதன்மேல் ஓடும் மென்பொருள் அதைக் கேட்டுப் பெறுவது வேறு. பிஎச்பிபிபியில் சொல்லின் பின்பகுதியை விட்டுவிட்டு நட்சத்திரக் குறியிட்டுத் தேடலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், களத்தைத் திறப்பதற்கு முன் இந்த நான்கு வடிவங்களையும் வைத்துப் பத்துப் பதிவுகள் எழுதித் தேடிப் பாருங்கள். திரியின் (ஒரு பொருள் பற்றிய உரையாடல் தொடரின்) தலைப்பை மட்டும் வேற்றுமை உருபு இல்லாமல், ‘மாவுப்பூச்சி – செம்பருத்தி’ என்பதுபோல எழுதும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்துங்கள். எந்த மென்பொருளும் தராத பயனை இந்த ஒரு வழக்கம் தரும்.

பிற்காலத்தில் தொழில்நுட்பம் அறிந்த ஒருவர் உங்களோடு சேர்ந்தால், பிஎச்பிபிபியின் பதிவுகளை டிஸ்கோர்ஸுக்கு மாற்றும் கருவி டிஸ்கோர்ஸிடமே இருக்கிறது. அப்போது சில அமைப்புகளை மாற்ற மறவாதீர்கள். முன்னிருப்பாக அது பதிலுக்குக் குறைந்தது 20 எழுத்துக்குறிகளைக் கேட்பதால் ‘நன்றி’ என்று மட்டும் எழுதினால் ஏற்காது; தமிழில் பயனர்பெயர் வைக்கவும் அனுமதிக்காது. இரண்டையும் நிர்வாகப் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் கட்டாயம்: புதிய திருத்தம் வந்தால் உடனே நிறுவிவிடுங்கள். 2004 டிசம்பரில் சான்ட்டி என்ற புழு, கூகுள் தேடல் வழியாகவே பிஎச்பிபிபி தளங்களைக் கண்டுபிடித்து அவற்றின் பக்கங்களை அழித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் 2.0.11 பதிப்பு முந்தைய மாதமே வெளிவந்திருந்தது. அதை நிறுவியவர்கள் தப்பினார்கள்.

கேள்வி: 2003இல் டிஸ்கி எழுத்துருவில் நாங்கள் நடத்திய களத்தின் தரவுத்தளக் கோப்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. அதைப் புதிய மென்பொருளில் ஏற்ற முடியுமா?
– வாசகர் ஒருவர், சிங்கப்பூர்

பதில்: முடியும், அவசியம் செய்யுங்கள். டிஸ்கி என்பது, இன்றைய யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் எழுதப் பயன்பட்ட ஒரு குறியாக்கம். அந்தக் காலத்துத் தமிழ் உரையாடல்கள் மிகுதியும் இவ்வாறே அழிந்துபோயிருப்பதால், உங்களிடம் எஞ்சியிருப்பது அரிய செல்வம்.

முதலில் அந்தக் கோப்பின் படி ஒன்றைத் தொடாமல் தனியே வையுங்கள். தரவுத்தளத்தின் எழுத்துக்குறியாக்கத்தை ஒரே கட்டளையில் யூனிகோடுக்கு மாற்ற முயலாதீர்கள்; அந்த அட்டவணைகள் பெரும்பாலும் லத்தீன் என்று குறிக்கப்பட்டிருக்கும் என்பதால், தரவுத்தளம் டிஸ்கியை லத்தீன் எழுத்தாகவே எண்ணி மாற்றி, எல்லாவற்றையும் குழப்பிவிடும். பார்வை வரிசைப்படி எழுதும் டிஸ்கியில் ‘கெ’ என்பதன் கொம்பு முதலிலும் ககரம் பின்னரும் வரும். யூனிகோடில் ககரம் முதலில் வரும். ஆகவே டிஸ்கியை அறிந்த மாற்றியே தேவை. லினக்ஸில் உள்ள ஐகான்வ் என்னும் கருவி டிஸ்கியை அறியும். பிற்காலப் பதிவுகள் சில ஏற்கெனவே யூனிகோடில் இருக்கக்கூடும்; அவற்றை முன்னதாகப் பிரித்துவிட வேண்டும். எழுத்து மாற்றம் முடிந்து, இருபது முப்பது திரிகளைக் கண்ணால் படித்துச் சரிபார்த்த பிறகே புதிய மென்பொருளுக்குள் ஏற்றுங்கள்.

கேள்வி: கட்டணம் செலுத்தி வாங்குவதென்றால் விபுல்லட்டினா, ஸென்ஃபோரோவா?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: ஸென்ஃபோரோ. விபுல்லட்டினை உருவாக்கிய நிறுவனம் 2007இல் கைமாறிய பின், அதன் முதன்மை நிரலாளர்கள் சிலர் வெளியேறித் தொடங்கியதே ஸென்ஃபோரோ, அதன் 1.0 பதிப்பு 2011இல் வந்தது. வாங்குமுன், உரிமத்தைப் புதுப்பிக்காவிட்டால் புதிய பதிப்புகள் கிடைக்காது என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.