சைக்கிள்ல புது செயின் போட்டும் அழுத்தி மிதிச்சா நழுவுதா?

புது செயின்ல குறை இல்லை. பின்சக்கரத்துல செயின் மாட்டுற பல்சக்கரத்தோட பல் தேய்ஞ்சிருக்கு. திருவான்மியூர்-கோவளம் மூணு வருஷம் ஒரே செயின்ல ஓட்டிட்டு, போன மாசம் செயினை மட்டும் மாத்தினதா எழுதியிருக்கீங்க. அங்கதான் விஷயம். பழைய செயின் நீள நீள, பல்லும் அதுக்கேத்த மாதிரி தேயும். ரெண்டும் சேர்ந்தே கிழமானதால இதுவரை தெரியலை. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) மணல் இதை இன்னும் சீக்கிரமாக்கும்.

இப்படிப் பாருங்க: வழக்கமா ஓட்டுற கியரை விட்டுட்டு, அதிகம் தொடாத கியர்ல போட்டு, காலி ரோட்டுல, உட்கார்ந்தபடியே அழுத்தி மிதிங்க. நழுவலைன்னா பல்தான் காரணம்.

பழைய செயினைத் தூக்கிப் போடலைன்னா ஸ்கேல் வெச்சு அளங்க. ஒரு ஆணியை பூஜ்யம்னு வெச்சு எண்ணினா 24-வது ஆணி சரியா 12 அங்குலத்துல இருக்கணும். 1/8 அங்குலம் தள்ளிப்போயிருந்தா பல்லும் போயிருக்கும். அடுத்த தடவை 1/16 தள்ளினதுமே செயினை மாத்திடுங்க, பல்சக்கரச் செலவு மிச்சம்.

மெதுவா மிதிச்சாலும் எல்லா கியர்லயும் நழுவினா கதை வேற. ஏதாவது ஒரு கண்ணி இறுகியிருக்கலாம், இல்லைன்னா பின்னாடி கியர் மாத்துற டீரெய்லர் (derailleur) வளைஞ்சிருக்கலாம். பல்சக்கரம் வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துடுங்க.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீங்க. நானும் விட்டவன்தான், மணல் ஒட்டி அப்பிக்கிட்டதுதான் மிச்சம். செயின் ஆயில் விட்டு, மேல இருக்கிறதைத் துணியால துடைச்சிடுங்க.