வெளிநாட்டுச் சுற்றுலா: எந்தச் செலவைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது?

முதல்முறையாகக் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம், செலவைக் குறைக்க வேண்டும், ஆனால் நடுவில் ஏதாவது தவறினால் போட்ட பணம் மொத்தமும் போய்விடக் கூடாது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள். பயணத்தில் ஒன்று வழக்கத்தைவிட மலிவாகக் கிடைத்தால், பல நேரங்களில் அதற்குக் காரணம் ஒன்றுதான்: தவறினால் வரும் நஷ்டத்தை விற்பவர் உங்கள் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார். ரத்து செய்தால் பணம் திரும்பாத ஹோட்டல் அறை அப்படித்தான் மலிவாகிறது. தேதி மாற்ற முடியாத டிக்கெட்டும் அப்படித்தான். அதை வாங்குவது தவறில்லை. அந்த நஷ்டம் வந்தால் நம்மால் தாங்க முடியுமா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

இது எனக்கு ஓர் இரவில் புரிந்தது. சில வருடங்களுக்கு முன் நானும் மனைவியும் ஒரு பயணத்துக்கு இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தோம். ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட கணிசமாகக் குறைந்தது. நடுவில் மூன்று மணி நேர இடைவெளி, தாராளம் என்று நினைத்தேன். முதல் விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை எடுத்துக்கொண்டு அடுத்த நிறுவனத்தின் கவுண்டருக்கு ஓடினால் அது மூடியிருந்தது. முதல் நிறுவனம், "உங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம்" என்றது. இரண்டாவது நிறுவனம், "நீங்கள் வரவில்லை" என்றது. இரண்டு பேர் சொன்னதும் விதிப்படி சரிதான். அன்றிரவு வாங்கிய புது டிக்கெட், முதலில் வாங்கிய இரண்டையும் சேர்த்த விலையைத் தாண்டிவிட்டது. அதைவிட வலித்தது அடுத்து வந்த செய்தி. இரண்டாவது டிக்கெட் போக வர எடுத்தது. போகும் பயணத்தில் ஏறாததால் திரும்பும் பயணமும் தானாகவே ரத்தாகிவிட்டது. பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் இது எழுதியே இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

அதனால் இணைப்பு விமானம் இருந்தால் ஒரே முன்பதிவு எண்ணில் வாங்குங்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினால், உங்களை வேறு விமானத்தில் ஏற்றி ஊர் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. விலை வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்து தனித்தனியாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், நடுவில் உள்ள நகரத்தில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். தனித்தனி டிக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமானால் அந்த நாட்டுக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். ஒரே டிக்கெட்டில் போனாலும் சில நாடுகள் டிரான்சிட் விசா, அதாவது வழியில் விமானம் மாறுவதற்கான விசா, கேட்கும். முன்பதிவுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

டிக்கெட்டில் மிச்சம் பிடிக்க நல்ல வழி தேதியை இளக்கமாக வைத்துக்கொள்வதுதான். விடுமுறைக் கூட்டத்துக்கு முன்போ பின்போ உள்ள வாரங்களில் போனால் விமானம், அறை இரண்டுமே குறையும், இடங்களிலும் நெரிசல் இருக்காது. ஒப்பீட்டுத் தளங்களில் தேடுங்கள், ஆனால் வாங்குவதை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் செய்யுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. இடைத்தரகரிடம் வாங்கிய டிக்கெட் ரத்தானால், "எங்கே வாங்கினீர்களோ அங்கே கேளுங்கள்" என்று நிறுவனம் கைவிரிக்கும், தரகர் பக்கம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து கிளம்பும் விமானங்களுக்கு ஒரு நல்ல விதி உண்டு. பயணத்துக்குக் குறைந்தது ஏழு நாட்களுக்கு முன்பாக நிறுவனத்திடம் நேரடியாக முன்பதிவு செய்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யலாம். இல்லையென்றால் பணம் கட்டாமலே அதே விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்க நிறுவனம் அனுமதிக்க வேண்டும். இரண்டில் எது என்பதை அந்தந்த நிறுவனம் முடிவு செய்யும். குறைந்த கட்டண விமானங்களில் பெட்டி, இருக்கை எல்லாவற்றுக்கும் தனிக்கட்டணம். மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அப்புறம், வரிசை முக்கியம். பாஸ்போர்ட், விசா, அதன் பிறகுதான் பணம் திரும்பாத எதுவும். பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. ஐரோப்பாவில் ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஷெங்கன் நாடுகளுக்கு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இது சரியில்லை என்றால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள், காப்பீடும் அதற்குப் பணம் தராது. ஷெங்கன் விசா தேவைப்படுபவர்கள் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பயணத்துக்கு 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கப் போகக் கூடாது. விசா கைக்கு வரும் வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டும் பிடித்து வையுங்கள். வந்த பிறகு, மலிவான அறையாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். நான் ஒவ்வொரு முறையும் இப்படித்தான் செய்கிறேன். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை.

இனி காப்பீடு. இதில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். பெட்டி தொலைந்தால், போன் திருடு போனால் மனசு கஷ்டப்படும், ஆனால் குடும்பம் எழுந்துவிடும். வெளிநாட்டு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு, அறுவை சிகிச்சை, மருத்துவ வசதியோடு விமானத்தில் சொந்த நாட்டுக்குக் கொண்டுவருவது, இவை ஒரு குடும்பத்தின் பல வருடச் சேமிப்பைக் கரைத்துவிடும். ஆகவே பாலிசியைப் பார்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மருத்துவச் செலவு வரம்பும், நோயாளியைக் கொண்டுவரும் செலவு அதில் அடங்குமா என்பதும். ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ என்பது குறைந்தபட்சம். சிகிச்சைச் செலவு அதிகமான நாடுகளுக்கு அது போதாது.

என் அப்பாவை அழைத்துச் சென்றபோது அவருடைய ரத்த அழுத்தத்தைப் படிவத்தில் எழுதினேன். பிரீமியம் கூடியது. "எதற்கு எழுதினாய், மாத்திரையில் கட்டுக்குள்தானே இருக்கிறது" என்று அவரே கேட்டார். பயணத்தின் நான்காம் நாள் நெஞ்சு வலி என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு இரவு மருத்துவமனையில் இருந்தார். நல்லவேளையாகப் பெரிதாக ஒன்றுமில்லை. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டதே பழைய மருத்துவப் பதிவுகளைத்தான். எழுதியிருந்ததால் பணம் வந்தது. இருக்கிற நோயை மறைத்து எடுத்த பாலிசி, தேவைப்படும் நாளில் வெறும் காகிதமாகிவிடும். இன்னொன்றும் அன்று செய்தோம்: அவசர நிலையைச் சமாளித்தவுடன், பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணுக்குப் போன் போட்டுத் தகவல் சொன்னோம். பல பாலிசிகளில் அது கட்டாயம்.

எதெல்லாம் அடங்காது என்ற பக்கத்தையும் முழுதாகப் படியுங்கள். உரிமம் இல்லாமல் வாடகை பைக் ஓட்டி விழுந்தால், குடித்திருக்கும்போது அடிபட்டால், ஆழ்கடல் நீச்சல் போன்றவற்றில் விபத்து நடந்தால் பல பாலிசிகள் பணம் தராது. முதல் பெரிய தொகையைக் கட்டிய உடனே காப்பீடு எடுங்கள், பயணத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். ரத்துக்கான பாதுகாப்பு எடுத்த நாளிலிருந்துதான் வேலை செய்யும். புயல் வருகிறது, வேலைநிறுத்தம் அறிவித்துவிட்டார்கள் என்று ஊருக்கே தெரிந்த பிறகு எடுத்தால் அதற்கு இழப்பீடு கிடைக்காது. கிரெடிட் கார்டோடு இலவசமாக வரும் காப்பீட்டை நம்பினால், அந்தக் கார்டிலேயே டிக்கெட் வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

நமக்கு வரவேண்டியதைக் கேட்காமல் விடுவதும் நஷ்டம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஒன்றியத்து விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த விமானமும் சேர வேண்டிய இடத்துக்கு மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. மோசமான வானிலை மாதிரி நிறுவனத்தின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடைக்காது, ஆனாலும் சாப்பாடும் தேவைப்பட்டால் தங்குமிடமும் தர வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோதும் இந்தக் கடமை இருந்ததாக ஐரோப்பிய நீதிமன்றம் பிறகு தீர்ப்புச் சொன்னது. பெட்டி விஷயத்தில், விமான நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் 1999-ன் மான்ட்ரியல் உடன்படிக்கை பெரும்பாலான நாடுகளில் செல்லும். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கவுண்டரில் பதிவு செய்து ஓர் எண்ணை வாங்கிவிடுங்கள். மாத்திரைகளும் ஒரு நாள் மாற்றுத் துணியும் கைப்பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

விமானம், அறை எல்லாம் சேர்த்து விற்கும் பேக்கேஜில் போவதா, நாமே திட்டமிடுவதா என்றும் கேட்டிருந்தீர்கள். நாமே திட்டமிட்டால் பெரும்பாலும் மலிவு. ஆனால் பேக்கேஜுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கலாம். 2019 செப்டம்பரில் பிரிட்டனின் தாமஸ் குக் சுற்றுலா நிறுவனம் திவாலானபோது, வெளிநாடுகளில் மாட்டிக்கொண்ட சுமார் 1,50,000 பேரை பிரிட்டன் அரசு விமானம் அனுப்பித் திரும்ப அழைத்துவந்தது. பேக்கேஜ் வாங்கியிருந்தவர்களுக்கு அங்குள்ள பாதுகாப்புத் திட்டத்தில் கட்டிய பணமும் திரும்பக் கிடைத்தது. உங்கள் நாட்டில் அப்படி ஒரு திட்டம் இருக்கிறதா, விற்பவர் அதில் உறுப்பினரா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் பெரிய தொகையை வங்கிப் பரிமாற்றமாக அனுப்பாமல் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். சேவை கிடைக்காவிட்டால் கார்டு வங்கியிடம் முறையிட ஒரு வழியாவது இருக்கும்.

அங்கே போன பிறகு, கடையிலோ ஏடிஎம்மிலோ உங்கள் சொந்த நாணயத்தில் கட்டுகிறீர்களா என்று திரை கேட்டால், வேண்டாம், உள்ளூர் நாணயத்திலேயே எடு என்று அழுத்துங்கள். சொந்த நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் அவர்கள் வைத்த மாற்று வீதத்தில் பணம் போகும், அது பெரும்பாலும் மோசமானது. இரண்டு கார்டுகள், வெவ்வேறு வங்கி, வெவ்வேறு பையில். வாடகைக் கார் எடுத்தால் முன்பணமாக ஒரு பெரிய தொகையைக் கார்டில் முடக்குவார்கள், அதற்கான இடம் வரம்பில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு தொகை. பயணச் செலவில் சேர்க்காமல் தனியாக எடுத்து வையுங்கள். உங்கள் எல்லோருக்கும் ஓர் இரவு அறை, கடைசி நேரத்தில் வீடு திரும்பும் டிக்கெட், இவை இரண்டுக்கும் போதுமான அளவு. விமானம் தவறிய அந்த இரவு எங்களிடம் அது இருந்ததால்தான் நானும் மனைவியும் விமான நிலையத் தரையில் உட்கார்ந்து அழாமல், அறை எடுத்துத் தூங்கி, காலையில் பயணத்தைத் தொடர முடிந்தது. அந்தத் தொகையை எடுத்து வைக்க முடியவில்லை என்றால், பயண நாட்களில் இரண்டைக் குறைத்தாவது எடுத்து வையுங்கள்.