ஜாஸ் பேஸில் இரைச்சலும் மெலிந்த நாதமும்

தம்பி, சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் உங்கள் ஜாஸ் பேஸ் கிட்டாரின் பின் பிக்கப்பை (கம்பியின் அசைவை மின் சைகையாக்கும் காந்தச் சுருளை) மட்டும் திறந்து வாசித்தால் இரைகிறது, உருமி மேளத்துக்கு நடுவே பேஸ் கேட்பதே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கிட்டார் பழுதாகவில்லை, கவலை வேண்டாம். ஜாஸ் பேஸின் பிக்கப் ஒவ்வொன்றும் ஒற்றைச் சுருள். மண்டபத்து மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை அப்படியே வாங்கிக்கொள்ளும். முன், பின் பிக்கப் இரண்டில் ஒன்று எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்த முனையும் மாறியிருந்தால், இரண்டின் வால்யூமையும் சமமாக வைத்ததும் இரைச்சல் அடங்கிவிடும்.

மெலிவுக்குக் காரணம் பிக்கப் இருக்கும் இடம். பின் பிக்கப் பாலத்தருகே, அதாவது கம்பிகள் கிட்டார் உடலில் தாங்கி நிற்கும் இடத்தருகே இருக்கிறது. அங்கே கம்பியின் அசைவு குறைவு. அடிநாதம் ஒடுங்கி மேல்சுரங்களே ஓங்கும். முன் பிக்கப்பை முழுதாகத் திறந்து வாசியுங்கள். உருமியோடுதான் தொடர்ந்து வாசிப்பீர்கள் என்றால் பிரெசிஷன் பேஸ் என்ற வேறு வகை பேஸ் கிட்டாரையே பரிந்துரைப்பேன்: 1957 முதல் அதன் பிக்கப் இரு துண்டானது, தனியாகவே இரைச்சலை அடக்கும், நடுத்தொனியும் தடித்து நிற்கும்.