பத்தாவது கேள்விக்கு யார் பதில் சொன்னது?

கேள்வி: எனக்கு 58 வயது. ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். மருமகள் பொள்ளாச்சிக்காரி. தாயில்லாத பெண் என்பதால் பிரசவத்தை நாங்களே பார்த்தோம். பேத்தி பிறந்து 50 நாள். மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, பால் கொடுக்கும்போதே அழுகிறாள். நர்ஸ் வந்து பத்துக் கேள்வி கேட்டார். மருமகளுக்கு மலையாளம் தெரியாததால் நானே கேட்டுச் சொன்னேன். கடைசிக் கேள்வி அபசகுனமாக இருந்தது, "அதெல்லாம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். பயப்பட ஒன்றுமில்லை என்று நர்ஸ் போய்விட்டார். இது சோம்பலா, திமிரா? கொஞ்ச நாள் அப்பா வீட்டுக்கு அனுப்பலாமா?

பதில்: சோம்பலும் திமிரும் இருக்கட்டும். அந்தக் கடைசிக் கேள்வியை ஏன் விழுங்கினீர்கள் அம்மா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-ல் வெளிவந்த எடின்பரோ கேள்வித்தாள். கடந்த 7 நாளில் தாயின் மனம் எப்படி இருந்தது என்று கேட்பது. தாய் தானாக, யாரிடமும் கலந்து பேசாமல் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. பத்தாவது, தன்னையே ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதிலும் மதிப்பெண் குறைவாக இருந்தாலும், இதற்கு மட்டும் "எப்போதாவது" என்று வந்தால்கூட அன்றைக்கே விசாரித்தாக வேண்டும். அதற்குத்தான் அவளைக் கேட்காமல் நீங்கள் பதில் சொல்லியிருக்கிறீர்கள். மீதி ஒன்பதும் என்ன வாழ்ந்தது? "காரணமில்லாமல் பயமாக இருந்ததா" என்று மாமியாரே கேட்டால் எந்த மருமகள் ஆமாம் என்பாள்?

கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயந்திருப்பீர்கள். வராது. மனதில் இருப்பதைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி கிடைக்கும், அவ்வளவுதான்.

பிரசவமானதும் வருகிற சாதாரண அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். 50 நாள் அதில் சேராது. மருத்துவரிடம் காட்ட வேண்டிய விஷயம் இது. ரத்தசோகை, தைராய்டும் பார்ப்பார்கள். மாத்திரை தேவைப்பட்டால் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவையும் உண்டு.

அப்பா வீட்டுக்கு அனுப்புவதா? தாயில்லாத பெண் என்று எழுதிய அதே கையாலா இதையும் எழுதினீர்கள்? பிரசவம் பார்ப்பதென்றால் வெந்நீரும் பத்தியச் சோறும் மட்டுமல்ல. அவளுக்குத் தாய் இடத்தில் இருக்கிறேன் என்று நீங்களாகத்தானே ஏற்றுக்கொண்டீர்கள்! அப்புறம், உங்கள் மகன் இந்தக் கடிதத்தில் ஒரு வரியில்கூட இல்லை. இரவில் பால் குடித்ததும் குழந்தையை அவன் தூக்கிக்கொள்ளட்டும், அவள் தூங்கட்டும்.

இதைப் படித்த கையோடு நர்ஸிடம் போய், "பத்தாவதுக்குச் சொன்னது என் பதில், அவள் பதில் இல்லை" என்று ஒத்துக்கொள்ளுங்கள். வெட்கமாக இருந்தாலும் சொல்லுங்கள். அந்தக் கேள்விகள் தமிழிலும் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். அதுவரை அவளைத் தனியாக விட வேண்டாம். சாவைப் பற்றிப் பேசினாலோ, யாரோ பேசுவது காதில் கேட்கிறது என்றாலோ, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னாலோ, விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

இந்த முறை அவள் பதில் எழுதும்போது, பேத்தியை வாங்கிக்கொண்டு நீங்கள் வெளியே திண்ணையில் உட்காருங்கள்.