வி.ஆர். கருவிக்குள் வரும் ஜெர்மன் மொழி, பேக்கரியில் வராதது ஏன்?

வி.ஆர். (தலையில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் காட்சிக் கருவி) பயிற்சியை விட்டுவிட வேண்டாம். அந்தப் பயிற்சிக்குள்ளேயே வேகமாகப் பதில் சொல்ல உங்களை அவசரப்படுத்துங்கள். கருவியை மாட்டினால் சரளமாக வரும் ஜெர்மன், ஜெர்மனியின் லைப்சிக் நகர பேக்கரியில் நின்றால் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது என்கிறீர்கள்.

கருவிக்குள் இருக்கும் கடைக்காரர் நீங்கள் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறார், அதுதான் காரணமாக இருக்கும். நிஜக் கடையில் ரொட்டியைப் பையில் போடும்போதே "ஸோன்ஸ்ட் நோக் வாஸ்?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவார்கள். 'வேறு ஏதாவது?' என்பதுதான் பொருள். பாடத்தில் வரும் முழு வாக்கியம் அங்கே கிடையாது, பின்னால் வரிசை வேறு. முதல் மாதத்தில் நானும் சில்லறையை இறுக்கிப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறேன்.

1. இன்று இரவு அதே காட்சியில், ஒவ்வொரு கேள்விக்கும் 3 வினாடிக்குள் பதில் சொல்லிப் பாருங்கள். அங்கேயும் தடுமாறினால் சிக்கல் வேகம்தான்.

2. தடுமாறவில்லையென்றால் அது கூச்சம். வார நாளில், கூட்டமில்லாத பிற்பகலில் போய் ஒரே ஒரு ப்ரோட்சென் (சிறிய உருண்டை ரொட்டி) வாங்குங்கள். மறுநாளும் அதே கடைக்குப் போங்கள்.

ஒன்று மட்டும்: கருவிக்குள் வரும் முகம் எப்போதும் சிரிக்கும். கடையில் சிரிக்காமல் சுருக்கமாகப் பேசினால், உங்கள் மீது கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சியின்போது தலை சுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள்.